மாப்பிள்ளை இறங்குகிறார்

சாவியைச் சாப்பாட்டு மேசை மேல் வீசி, "திங்கட்கிழமை நான் டிராக்குக்கே திரும்பிப் போறேன், யாரும் மறிக்க வேணாம்" என்று முந்தாநாள் கத்திவிட்டுப் போனவன், இன்று காலை அதே சாவியைத் தேடி மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தான்.

"ஃபிரிட்ஜ் மேல" என்றாள் மனைவி.

"அங்க யாரு வச்சா?"

"நீங்கதான் வீசுனீங்களே. பறந்து போய் உக்காந்துக்கிச்சு."

இருவரும் வேலை பார்க்கும் பைக் கம்பெனியில் அவளுக்கு வெல்டரம்மா என்று பெயர். அவனுக்குக் காத்து. வேக பைக்குகளைச் சோதனை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தபோது வந்த பெயர் அது. காத்து மாதிரிதான் போனான். ஒரு நாள் வளைவில் காத்தில் போகும் காகிதம் மாதிரியே தூக்கி எறியப்பட்டான். இடது மணிக்கட்டில் தகடு இன்னும் இருக்கிறது. மழை வருவதை வானொலிக்கு முன்னால் அந்தத் தகடு சொல்லிவிடும்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயத்தில்தான் அவன் தங்கை மேலிடத்தில் போய் நின்றாள். அவளுக்குப் பென்சில் என்று பெயர். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். சந்தைக்கும் கடைக்கும் மூட்டை சுமக்க என்றே ஒரு மோட்டார் சைக்கிளை வரைந்துகொண்டிருந்தாள். "இதை ஓட்டிப் பாக்க என் அண்ணன்தான் வேணும்" என்று கேட்டு வாங்கினாள். உயிரோடு இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். "என்னைக் கழுதை மேய்க்க வச்சுட்டா" என்று அவன் நினைத்தான். அன்று நின்றது இருவருக்கும் பேச்சு. ஒரே வீடு, ஒரே மேசை. நடுவில் வெல்டரம்மா தந்திக்கம்பி.

"அண்ணி, பாதி ஏத்தத்துல நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, மறுபடி கிளப்பணும்னு சொல்லுங்க" என்றாள் பென்சில், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. அண்ணன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான்.

"கேட்டுச்சுன்னு சொல்லு" என்றான் அவன்.

"அவசரப்பட வேணாம்னும் சொல்லுங்க."

"அந்த வண்டியில அவசரப்பட முடியும்னா, அந்த வித்தையை அவளையே வந்து காட்டச் சொல்லு."

"நான் ஒருத்தி, எத்தனை லைன்தான் தாங்குறது" என்று வெல்டரம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

விளையாட்டாகச் சொன்னாளே தவிர, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். இன்று முதலாளி நேரில் வருகிறார். சுமை வண்டி தேறினால் தயாரிப்புக்குப் போகும், காத்து அதோடு இருப்பான். தேறாவிட்டால் அந்த வண்டி உருவாகும் சோதனைக் கொட்டகைக்குப் பூட்டு. டிராக் மேனேஜர் ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டார், திங்கட்கிழமை புது பைக் வருகிறது, உன்னை விட்டால் ஆள் இல்லை என்று. தகடு வைத்த கையோடு இவன் மறுபடி அந்த வளைவில் சாய்வான். அதைத் தடுக்கக்கூடிய ஒரே வண்டி, அவன் ஓட்ட வெட்கப்படும் வண்டி. அதைத் தேற்றுவதும் தோற்கடிப்பதும் அவன் கையில்தான் இருக்கிறது. யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

*

சோதனைக் கொட்டகையில் அந்த வண்டிக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

பார்க்க அழகில்லை. நீண்ட சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் கட்டில் அகலத்துக்கு இரும்பு கேரியர். முன்னாலும் ஒரு தட்டு. தடித்த டயர், குட்டையான உயரம், அகலமான ஹேண்டில்பார். ஓட்டுகிறவனின் ஒற்றைச் சீட்டுக்குக் கீழே ஒரு சின்ன லீவர். அதைத் தள்ளினால் வண்டி நடை கியருக்கு மாறும். பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே நடந்து வரலாம், அவ்வளவு மெதுவாகப் போகும். ஆனால் எதையும் இழுக்கும்.

பெயர் வைத்தவர் பெயின்டர். சுமையோடு ஸ்டாண்டில் இருந்து வண்டியை இறக்கும்போதெல்லாம் யாராவது இரண்டு பேர் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் கை கொடுப்பார்கள். "பாரு, கார்ல இருந்து மாப்பிள்ளை இறங்குறாரு, ரெண்டு தோழன் புடிச்சாத்தான் இறங்குவாரு" என்றார் ஒரு நாள். கொட்டகையே சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

முதலாளி வந்தார், கூட இரண்டு அதிகாரிகள். கொட்டகைக்குப் பின்னால் இருந்த கான்கிரீட் ஏற்றத்தின் அடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை. ஏற்றத்தை ஒரு தரம் பார்த்தார், கேரியரில் கட்டியிருந்த மணல் மூட்டைகளை ஒரு தரம் பார்த்தார்.

"இவ்வளவுமா?"

"இவ்வளவும்தான் சார்" என்றாள் பென்சில்.

காத்து ஹெல்மெட்டை மாட்டினான். மனைவியைப் பார்த்தான். தங்கையைப் பார்க்கவில்லை. நடை கியர் லீவரைக் காலால் தள்ளினான்.

வண்டி நகர்ந்தது. உறுமல் இல்லை. பெரிய வயிறுள்ள ஏதோ ஒன்று மூச்சு விடுவது போல் ஒரு சத்தம், அதே தாளத்தில், கூடாமல் குறையாமல். முன்சக்கரம் ஏற்றத்தைத் தொட்டது. பின்சக்கரம் கான்கிரீட்டைக் கவ்வியது. மூட்டைகள் பின்பக்கம் அழுத்த, ஸ்பிரிங்குகள் உட்கார்ந்து, அப்படியே நின்றன.

வெல்டரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். இதற்கு முன் செய்த ஃபிரேம்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் 'டிக்' என்று ஒரு சத்தம் விட்டன, கழுத்துப் பக்கம், அவள் பற்றவைத்த இணைப்புக்குப் பக்கத்தில். விரிசல் விட்ட ஃபிரேம்கள் கொட்டகைக்குப் பின்னால் குவியலாகக் கிடக்கின்றன. அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

பாதி ஏற்றத்தில் காத்து நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். சரிவில், அத்தனை சுமையோடு, ஒரு மனிதனும் ஒரு வண்டியும் ஆகாயத்தில் ஆணி அடித்து மாட்டியது போல் நின்றார்கள்.

பிறகு கிளப்பினான். கிளட்சை விட்டான். வண்டி ஒரு விரற்கடை கூடப் பின்னால் வழுக்காமல், விட்ட இடத்தில் இருந்தே ஏறத் தொடங்கியது.

வெல்டரம்மாவின் அப்பா மூட்டை தூக்கியவர். கடைசிக் காலத்தில் அவருக்குக் கழுத்தே தெரியாது. தலை தோளுக்குள் இறங்கிவிட்டிருந்தது. ஒரு மூட்டை மேலே போக வேண்டுமென்றால் அதற்குக் கீழே ஒரு கழுத்து இருந்தே ஆக வேண்டும் என்றுதான் அவள் பிறந்ததில் இருந்து பார்த்து வந்தாள். இப்போது கழுத்தே இல்லாமல் சுமை மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அவசரமில்லாமல், யாரையும் நசுக்காமல். அவள் வாயை மூட மறந்து நின்றாள்.

"அண்ணி..." என்று பென்சில் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

மூட்டைகளைக் கட்டிவிட்டு முன்னாலேயே ஏறி உச்சிச் சமதளத்தில் காத்திருந்த இரண்டு லோடுமேன்கள் வழக்கம்போல் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினார்கள். கீழே கைதட்டல். முதலாளி உற்சாகமாகக் கையை வீசினார்.

"சுமை கட்டுனவங்களை வரச் சொல்லுங்க, எப்படிக் கட்டுனாங்கன்னு கேக்கணும். வண்டியும் இறங்கட்டும், பிரேக்கைப் பாத்துடுவோம்."

லோடுமேன்கள் இறங்கி ஓடி வந்தார்கள். உச்சியில் காத்து மட்டும் தனியாக நின்றான்.

வண்டி இறங்கவில்லை.

*

கீழே இருந்தவர்கள் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார்கள். காத்து ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளுவது தெரிந்தது. பிறகு பின்னால் போய்த் தள்ளினான். பிறகு சும்மா நின்றான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"என்ன பண்றாரு?" என்றார் ஒரு அதிகாரி.

பென்சிலின் முகம் வெளிறியது. வெல்டரம்மாவின் காதருகே வந்து பல்லைக் கடித்தாள்.

"வேணும்னே பண்றான் அண்ணி. ஏறிக் காட்டிட்டு, இறங்கும்போது காலை வாருறான். டிராக்குக்குப் போகணும்ல அவனுக்கு."

"வாயைக் கழுவு" என்றாள் வெல்டரம்மா. ஆனால் அதே நினைப்பு அவளையும் தொட்டுவிட்டுத்தான் போனது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற்றத்தில் ஏறினாள்.

மேலே போனபோது அவன் வியர்த்து வடிந்துகொண்டிருந்தான்.

"என்னங்க ஆச்சு?"

"ஸ்டாண்டுல இருந்து இறங்க மாட்டேங்குது."

"நகருங்க, நான் ஒரு கை..." என்று அவள் கேரியரைப் பிடிக்கப் போனாள்.

"தொடாதே!"

அவள் கை அந்தரத்தில் நின்றது.

"கை வைக்காதே. நீ கை வச்சா இறங்கிடும். இறங்குனா யாருக்கும் தெரியாமப் போயிடும்." அவன் குரல் தாழ்ந்தது. "இத்தனை மாசமா ஒரு நாளாவது இதைச் சுமையோட ஒருத்தன் தனியா இறக்குனானா? நினைச்சுப் பாரு. நான் இறக்கப் போனா பெயின்டர் ஓடி வருவாரு. பெயின்டர் போனா நீ ஓடி வருவே. ஒருத்தனைத் தனியா விட்டதில்ல நாம. இதை வாங்குறவன் கடை வாசல்ல தனியாத்தானே நிப்பான்? விடிஞ்சும் விடியாம, தெருவுல ஆளே இல்லாதப்ப. மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு சிரிச்சோமே... அந்தச் சிரிப்புக்குள்ளயே இருந்திருக்கு கோளாறு."

வெல்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. கை கொடுத்துக் கை கொடுத்தே மறைத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பழக்கத்தில். சுமையோடு ஒருவர் தடுமாறினால் கை தானாக நீளும். அது அவர்கள் வளர்ந்த விதம்.

"இப்ப நான் ரெண்டு பேரைக் கூப்பிட்டு இறக்கிட்டா, வண்டி இன்னைக்கே பாஸ்" என்றான் அவன்.

"கூப்பிட்டா என்ன?" என்று கேட்டுவிட்டாள். அந்த வளைவு கண்முன் வந்தது. கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது.

அவன் வண்டியின் டேங்க்கைத் தட்டினான், மாட்டின் கழுத்தைத் தட்டுவது போல. "பாதி ஏத்தத்துல அணைச்சுட்டு நின்னேன்ல? இது என்னைத் தாங்கிக்கிட்டு நின்னுச்சு. அசையல. இத்தனை வருஷம் ஓட்டுன எதுவும் என்னைத் தாங்கல, தூக்கித்தான் போட்டுச்சு. இதைப் போய் நான் பொய் சொல்லி அனுப்பவா?"

வெல்டரம்மா கணவனை உற்றுப் பார்த்தாள். கழுதை என்று திட்டியவன் வாயா இது?

*

முதலாளி உண்மையைக் கேட்டுக் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நாங்க சாப்பிட்டு வர்றோம். வந்தப்புறம் ஒரே ஒரு ஆள், சுமையோட, தனியா இறக்கிக் காட்டணும். முடியலைன்னா கொட்டகையை மூடிடலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூட்டைகளை அவிழ்த்து, வண்டியை இறக்கிக் கொட்டகைக்குள் கொண்டுவந்ததும் பென்சில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாள் மடியில் கிடந்தது. கொண்டையில் இருந்து பென்சிலை எடுக்கக் கூட இல்லை.

"முழு வண்டியையும் மேல தூக்கினாத்தான் ஸ்டாண்டு மடங்குற மாதிரி வரைஞ்சிருக்கேன் அண்ணி. எப்படி இது கண்ணுல படாமப் போச்சு?"

காத்து அவள் எதிரே குந்தினான். தொண்டையைச் செருமினான்.

"நேர மேல தூக்கச் சொல்லுது. அங்கதான் மாட்டுது. கொஞ்சம் முன்னால உருண்டு கொடுத்தா இறங்கிடும்."

பென்சில் நிமிர்ந்தாள். அண்ணி வழியாகச் சொல்லும் பேச்சு இல்லை இது. அவளுக்கே சொன்னது.

"எந்த இடத்துல மாட்டுது... அண்ணா?"

"இங்க" என்று தன் இடது கையை நீட்டி, தகடு வைத்த மணிக்கட்டை ஸ்டாண்டின் கால் போல் தரையில் ஊன்றிக் காட்டினான். "பாதம் தட்டையா இருக்குல்ல? விளிம்பு தரையில குத்திக்குது."

உருண்டு என்ற சொல் வெல்டரம்மாவின் காதில் சிக்கிக்கொண்டது. மூலையில் அவளுடைய கேஸ் சிலிண்டர் நின்றது, அவள் உயரத்துக்கு, அவளை விடக் கனமாக. தினமும் காலையில் அதை இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்கு ஒற்றை ஆளாகக் கொண்டுபோகிறாள். தூக்கியே கிடையாது. சற்றுச் சாய்ப்பாள், அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டே போவாள்.

எழுந்து போய் அதைச் சாய்த்து உருட்டிக் காட்டினாள்.

அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில், "பாதத்தை வளைச்சா?" என்றார்கள்.

பென்சில் கொண்டையில் இருந்து இறங்கியது.

கொட்டகைக்குப் பின்னால் கிடந்த விரிசல் ஃபிரேம்களில் இருந்து வளைந்த குழாய்களை வெட்டி எடுத்தார்கள். தோற்றுப்போன வண்டிகளின் கழுத்து, இந்த வண்டியின் பாதமானது. வெல்டரம்மா முகமூடியைக் கவிழ்த்தாள். தீப்பொறி பறந்தது.

முதல் தடவை மாட்டியதும், காத்து கையை எடுத்த நிமிஷமே வண்டி தானாக உருண்டு இறங்கி, நேரே போய்ப் பெயின்டரின் டப்பாக்களைச் சாய்த்தது.

"மாப்பிள்ளைக்கு இப்ப அவசரம்!" என்று கத்தினார் பெயின்டர், நீலக் காலோடு.

"வளைவு அதிகம். நிக்கவும் ஒரு இடம் வேணும் அதுக்கு" என்றாள் பென்சில்.

"நடுவுல கொஞ்சம் தட்டையாத் தேய்ச்சுடவா?" என்றாள் வெல்டரம்மா.

"கொஞ்சம்தான் அண்ணி. ஒரு ஆள் உக்காந்து எந்திரிக்கிற அளவுக்கு."

தேய்த்தாள். சூடு ஆறுவதற்குள் வாசலில் செருப்புச் சத்தமும் ஏப்பமும் கேட்டன.

*

வண்டி ஸ்டாண்டில் நின்றது. லோடுமேன்கள் மூட்டைகளை அடுக்கிக் கட்டினார்கள். காத்து ஹெல்மெட்டை எடுக்கப் போனான். பிறகு நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தான்.

"நான் இறக்குனா, பயில்வான் இறக்குனான்னு சொல்லுவாங்க. நீ போ."

"நானா? காத்தடிச்சாப் பறந்துடுவேன்னு நீதானே சொல்லுவே?"

"அதனாலதான் சொல்றேன். போ."

பென்சில் போய் ஹேண்டில்பாரைப் பிடித்தாள். அந்தச் சுமைக்கு முன்னால் அவள் உண்மையிலேயே ஒரு பென்சில் கனம்தான் இருந்தாள்.

வெல்டரம்மா சுற்றிலும் பார்த்தாள். பெயின்டர் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டார். லோடுமேன்கள் இருவரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்து இறுக்கிக்கொண்டார்கள். ஒருவருக்கும் கை கொடுக்காமல் நிற்கத் தெரியவில்லை. அவள் கையும் துடித்தது. கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

பென்சில் தள்ளினாள்.

அந்தப் பெரிய உடம்பு ஒரு கணம் யோசித்தது. பிறகு வளைந்த பாதத்தின் மேல் மெல்லச் சாய்ந்தது. மேலே எழும்பவில்லை, கீழே விழவில்லை. தொட்டில் ஆடுவது போல் முன்னால் போய், பின்சக்கரத்தைத் தரையில் வைத்தது. சத்தம் கூட வரவில்லை. ஸ்டாண்டு தானாக மடங்கிக்கொண்டது.

யாரும் கை தட்டவில்லை. கோயிலில் திரை விலகினால் சத்தம் அடங்குமே, அப்படி அடங்கியிருந்தது கொட்டகை. பென்சில் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவை யாருடைய கைகளோ என்பது போல.

முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். "நகரும்மா." மூட்டைகளை இறக்கச் சொல்லி, தானே ஸ்டாண்டில் ஏற்றினார். மறுபடி சுமை கட்டச் சொன்னார், தானே இறக்கினார். மறுபடி ஒரு தரம். முகத்தில் பத்து வயசுப் பையனின் சிரிப்பு. அதிகாரிகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்கள்.

மூச்சு வாங்க நிமிர்ந்தவர், வண்டியைக் காத்துவின் கையில் கொடுத்தார்.

"தயாரிப்புக்கு அனுப்பறேன். ஆனா அதுக்கு முன்னால ஒரு வருஷம் நிஜத் தெருவுல, நிஜச் சுமையோட ஓடணும். கோளாறைக் கண்டா மறைக்காம சொல்ற ஆள் ஓட்டணும். நீ ஓட்டுறதுன்னா இப்பவே கையெழுத்து. நீ இல்லைன்னா நான் யோசிக்கணும்."

எல்லாத் தலைகளும் காத்துவின் பக்கம் திரும்பின. அவன் வாயைத் திறந்தான்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது.

இரண்டு கையாலும் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தான். மனைவியிடம் நெஞ்சைக் காட்டினான். "எடு. யாரா இருந்தாலும் ரெண்டு கையும் வேலையில இருக்குன்னு சொல்லிடு."

வெல்டரம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. சிரித்துக்கொண்டே எடுத்துக் காதில் வைத்தாள்.

"யாரு... வெல்டரம்மாவா?" டிராக் மேனேஜரின் குரல். "திங்கட்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? புது பைக் வந்திடுச்சு. நானே ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். உங்க கேட்டுலதான் நிக்கிறேன். அவனை ஒரே ஒரு ரவுண்டு வரச் சொல்லுங்க, போதும்."

அவள் பதில் சொல்வதற்குள், மதிலுக்கு அந்தப் பக்கம் ஓர் இன்ஜின் வீறிட்டது. கூர்மையாக, மெல்லிய கம்பியைச் சுண்டியது போல. கொட்டகைத் தகரங்கள் அதிர்ந்தன.

காத்துவின் கைகள் மாப்பிள்ளையை விடவில்லை.

தலை மட்டும் திரும்பியது.